ஒன்று புள்ளி நான்கு

அம்பத்தூர் எஸ்டேட்டில்
அழுத்தமானிகளுக்குச் சான்றிதழ் தருவது என் வேலை.
கொதிகலன், ஆக்சிஜன் சிலிண்டர், லாரி டயர்,
எதன்மேல் உட்கார்ந்த முள்ளானாலும்
என் மேசைக்கு வந்து
பொய்யை விட்டுவிட்டுப் போகவேண்டும்.
ஒன்பது வருடமாய்
காற்று அசையாத ஏசி அறை.

அதனால்தானோ என்னவோ,
எண்ணூர்ப் பக்கம் சாம்பல் வெளியில்
பேய்க்காற்று ஒன்று எழுந்து
பாலிதீன் பையைப் பனை உயரம் ஏற்றியதை
பஸ் ஜன்னலில் பார்த்த அன்று
வாயில் வந்தது 'அய்யோ' அல்ல,
'உள்ளே எவ்வளவு?'

கடைசல் பட்டறை யோவேல் முதலில் சிரித்தார்.
பிறகு சாக்பீஸால் தரையில் ஒரு கூம்பு வரைந்தார்.
இன்னும் குட்டையாக, என்றேன்,
தூக்க விளிம்பு கிடைக்கக்கூடாது,
காற்று ஏறி வழிந்து போகட்டும்.
"அப்ப பணியாரம்."
பெயர் ஒட்டிக்கொண்டது.

வீல் பேலன்சிங் ஈயத்தை உருக்கி
வயிற்றில் ஊற்றினோம். பதினொரு கிலோ.
சென்சார் ரிச்சி தெருவில்,
சுண்டுவிரல் நகத்தில் பாதி, நானூற்றைம்பது ரூபாய்,
பில் வேண்டுமென்றால் தனி.
நொடிக்கு இருபது தரம் எழுதும்.

தகராறு துளையில் வந்தது.
உச்சியில் போட்டால்
மேலே ஓடுகிற காற்றே உறிஞ்சிக் காட்டும்,
அது சுழலின் கணக்கு இல்லை.
விளிம்பைச் சுற்றி நான்கு போடுங்கள்,
ஒன்று இழுத்தால் எதிரே ஒன்று தள்ளும்,
நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்ளலாம்.
நான்காவதில் டிரில் வழுக்கியது.
அரை மில்லிமீட்டர்.
மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை,
அல்லது நான் அவரோடு.

தஸ்தகீரின் ஆம்னி கூரையில் கட்டி
வண்டலூர் மீஞ்சூர் சாலையில் நள்ளிரவில்
எண்பதில் ஓட்டிப் பார்த்தோம்.
டார்ச் அடித்து நிறுத்திய போலீஸ்காரர்
என்னய்யா இது என்றார்.
"பணியாரம் சார்."
அதற்கு அரை மணி நேரம் ஆயிற்று.
ஓட்டுநர் பெயரைக் கேட்டபின்
இன்னொரு அரை மணி.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகள்.
பத்தடி தள்ளிப் போனது ஒன்று.
நேரே வந்து
எருமை முதுகில் ஏறிக் கலைந்தது ஒன்று.
தூக்கிக்கொண்டு துரத்தினோம்.
ஏன் பதினொரு கிலோ என்று
அப்போதுதான் கேட்டார் யோவேல்.

கொடியில் போர்வை காயப்போட்ட பெண்
சாம்பலை அளக்க வந்தீங்களா என்றாள்.
இல்லம்மா, காத்தை.
"அது வேற இது வேறயா?"
இரண்டு தரம் உதறினாள்.
எங்கள் மேல் படிந்தது.

மே இருபத்தாறு, மதியம் இரண்டு பத்து.
அது எங்களைத் தேடி வரவில்லை,
போகிற வழியில் நாங்கள் இருந்தோம்.
நான்கு நொடி.
காதுக்குள் சின்னதாய் ஒரு 'டப்'.
பல்லிடுக்கெல்லாம் சாம்பல்.
யோவேலின் கைக்குட்டை
மேலே போய்க்கொண்டே இருந்தது.
பணியாரம் அசையவில்லை.

ஒன்று புள்ளி நான்கு மில்லிபார்.
"அவ்ளோதானா?" என்றார் தஸ்தகீர்.
ஆட்டோ டயரில் இருப்பதில்
ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.
எனக்கு மட்டும்
அன்று சாப்பாடு இறங்கவில்லை.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு,
நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது.
அணைக்க மறந்து தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறேன்.
காலையில் கார்டில் இன்னொரு பள்ளம்,
கிட்டத்தட்ட அதே ஆழம்,
ஆனால் நான்கு நொடியில் விழுந்தது அல்ல,
நாலரை நிமிடம் சாய்ந்து சாய்ந்து இறங்கியது.
நடுவே மூன்று சமதளம்,
கீழே வைத்து மூச்சு வாங்கிய இடங்கள்.

இரண்டாவது மட்டும் நீளம்.
மூன்றாம் மாடி கஸ்தூரி
தண்ணீர்க் குடத்தோடு வந்தாள்,
வழிவிட்டு நின்றேன்.
நிற்காமல் ஏறிப் போனாள்.
இந்தத் தெருவில் குழாய் கீழேதான்.
ஒரு நாளைக்கு அவளுக்கு
ஆறு நடை.