புதன்கிழமை நீர்மட்டம்

புதன்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.
செவ்வாய் இரவே குளத்தை வடித்துவிடுவோம்.
குளம் என்பது நான் வைத்த பெயர்;
இங்கே எல்லோருக்கும் அது நைல் நதி.
முழங்கால் ஆழம். ஓர் அடைப்பான். இரண்டு குழாய்.

என் வேலை சில்லறை பொறுக்குவது.
குவார்ட்டர், யூரோ, ஒரு தடவை ஐந்து ரூபாய்.
"உன் பேருக்கு என்ன அர்த்தம்?"
இரவுக் காவலர் ஃபிக்ரி கேட்டார்.
தனக்கோடி. அர்த்தம் சொன்னேன்.
என் கை வாளியைப் பார்த்துச் சிரித்தார்,
இருமல் வரும்வரை.

எதிரே கோயில்.
முதலில் தனியாக ஒரு வாசல்,
நெற்றியில் சிறகு விரித்த சூரியன்,
கோபுரமாக வளர மறந்து நின்றுவிட்டது போல.
அப்புறம் இரண்டு தூண். முன்மண்டபம், இடைகழி, கருவறை.
வாசலிலிருந்து பின்சுவர் எண்பத்திரண்டு அடி.
நான் மாப்பு போட்டே அளந்துவிட்டேன்.
சுவரின் காலடியில் நாணலும் தாமரையும் செதுக்கியிருக்கிறார்கள்,
மணற்கல்லுக்குச் சேறு வேண்டுமென்று.

சுவரெங்கும் ஒரு ராஜா
சாம்பிராணி நீட்டிக்கொண்டே இருக்கிறான்.
ரோமாபுரி அகஸ்டஸ்.
அந்தக் கரையை எட்டியும் பார்த்ததில்லை.
அதனால் என்ன,
நம் ஊரில் டியூப்லைட்டிலேயே உபயம் எழுதி
வெளிச்சத்தைப் பாதி மறைப்பார்கள்.

படையல் வாங்குகிறவர்களில் இரண்டு பேர் மனிதர்கள்.
பெடேசி, பிஹோர். அண்ணன் தம்பி.
ஆற்றோடு போனவர்கள் என்கிறார்கள்.
போனவனைச் சாமியாக்க ஆறு ஒன்று போதும்;
காவிரிக் கரையில் அப்படி நாலைந்து பேரை
எனக்கே தெரியும்.

எங்கள் பண்ணவாடிப் பக்கம்
மேட்டூர் அணை எழுபது அடிக்குக் கீழே இறங்கினால்
தண்ணீருக்குள்ளிருந்து நந்தி எழும்பும்.
பேப்பரில் படம் வரும்.
சனம் பரிசல் ஏறிப் போய்ச் சூடம் கொளுத்தும்.
விவசாயிக்கு அது கெட்ட வருஷம்,
நந்திக்கு நல்ல வருஷம்.

இதைச் சொன்னபோது ஃபிக்ரி சிரிக்கவில்லை.
"இதுவும் அப்படித்தான். முதல் அணை கட்டினபின்
வருஷத்தில் கோடை மட்டும் வெளியே நிற்கும்.
என் அம்மா படகில் போகும்போது பார்த்திருக்கிறாள்."
அடுத்த அணை வந்தபோது
கோயிலைக் கல் கல்லாகப் பிரித்தார்கள்.
அறுநூற்று அறுபத்தோரு பெட்டி.
ஒவ்வொன்றுக்கும் எண், கப்பல், கடல், ஐந்தாம் அவென்யூ,
கடைசியில் சாய்ந்த கண்ணாடிச் சுவர்,
அதற்கு அப்பால் பனி விழும் பூங்கா.

"உங்களை?"
"எங்களைக் கோம் ஓம்போவில் கொண்டுபோய் இறக்கினார்கள்.
கோழி, கட்டில், எல்லாம் ஒரே வண்டியில்."
கிளம்புகிற காலையில் அவர் அம்மா
குடம் எடுத்துப் போய்
கல்லறைகளுக்குத் தண்ணீர் தெளித்தாளாம்.
அந்த ஊர் வழக்கம்.
பின்னால் வரப்போவது முழுக்கத் தண்ணீர்தான் என்று
தெரிந்தும்.

மூன்று மணிக்குக் குளம் வறண்டது.
நான் அடைப்பானில் கை வைத்தேன்.
"ஒரு ஐந்து நிமிஷம்."
பூட்ஸைக் கழற்றினார். காலுறையையும்.
ஐம்பத்தெட்டு வயசு, மூட்டுவலி,
விளிம்பில் உட்கார்ந்து மெதுவாக இறங்கி
நடுவில் போய்க் குந்தினார்.
அங்கிருந்து அண்ணாந்தால்
வாசல் இன்னும் கொஞ்சம் உயரம்.

எதுவும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
பிறகு கையை இலேசாக அசைத்தார், விடு என்று.

திறந்தேன்.
குழாய் முதலில் காற்றைத் துப்பியது, அப்புறம் தண்ணீரை.
கணுக்கால் நனைகிற வரை அவர் எழவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
நீர்மட்டம் சரி.
நாணயம் பதினொரு டாலர் நாற்பது சென்ட்.
தரையில் ஈரக் காலடி, வாசல்வரை.
துடைக்க வேண்டியது
என் வேலைதான்.
ஆறு மணிவரை நேரம் இருந்தது.