இறங்கும் விலை

போலுங்கர்விக்கில் மீன் ஏலத்தை யாரும் கூவுவதில்லை.
மதியம் ஒரு மணிக்குத்
திரையில் ஒரு வட்டம் திறக்கும்.
உச்சியில் தொடங்கி விலை இறங்கும்,
ஐந்நூறு, நானூற்றுத் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றாறு.
முதலில் தட்டியவருக்கு மீன்.

பதினோரு வருடமாகத் தட்டுகிறாள் ஹல்பெரா.
அவள் சுட்டுவிரலுக்கும் ஸ்பேஸ் பாருக்கும் நடுவே
ஒரு காகிதம் நுழையும், இரண்டு நுழையாது.
பார்த்திருக்கிறேன்.
அவள் வாங்கினால்தான் கீழே எங்கள் கைக்குக் கத்தி.
வாங்காத நாளில்
ரப்பர் பூட்ஸைக் கழற்றாமலே காபி குடித்து
இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போவோம்,
நானும் வித்தோல்டும்,
அரைநாள் கூலியோடு.

மார்ச்சில் ஒரு செவ்வாய் இரவு
யாரையும் கேட்காமல் கணினி அப்டேட் ஆகிவிட்டது.
காலையில் நீலத்திரை, சுழலும் புள்ளிகள்,
உங்கள் கோப்புகள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன
என்றொரு வாசகம்.
இருந்தன.
ஐகான்களின் மூலைகள் மட்டும் கொஞ்சம் மழுங்கியிருந்தன,
பனி மூடிய கூரைபோல.
பிரவுசர் பழையதுதான். தரை புதிது.

ஒரு மணிக்கு வட்டம் திறந்தது.
விலை இறங்கவில்லை. நின்றது, குதித்தது, நின்றது.
பிறகு டேப் வெளுத்தது.
ஏதோ தவறாகிவிட்டது என்றது.
எது என்று சொல்லவில்லை.

ரெய்க்யாவிக்கிலிருந்து ஃபோனில் ஓட்கேர்:
கேஷை அழித்தீர்களா?
எக்ஸ்டென்ஷன் ஏதாவது?
எங்கள் பக்கம் நன்றாகத்தான் ஓடுகிறது.
நாற்பது நிமிடம் கழித்து வேறு குரலில் சொன்னான்,
கிராஃபிக்ஸ் டிரைவரை அப்டேட் மாற்றிவைத்திருக்கிறது,
பிரவுசருக்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை,
ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணையுங்கள்.
டேப் சாகாது. மெதுவாகும், அவ்வளவுதான்.

சாவா தாமதமா என்று கேட்டால்
யாரும் தாமதத்தைத்தான் எடுப்பார்கள்.

மறுநாள் நானூற்றுப் பன்னிரண்டில் தட்டினாள்.
மீன் சான்ட்கெர்டியில் யாருக்கோ போயிருந்தது,
நானூற்று ஆறுக்கு.
அதிகம் கொடுக்க வந்தவள் தோற்றாள்,
குறைவாகக் கொடுத்தவன் வென்றான்.
அவள் பார்த்த விலை
ஏற்கனவே கடந்துபோன விலை.
செத்த நட்சத்திரத்தின் ஒளிபோல என்றான் வித்தோல்டு.
அவனுக்கு இப்படிப் பேச வரும். யாரும் சிரிக்கவில்லை.
நான்கு நாள் காபி குடித்தோம்.

ஐந்தாம் நாள் அவள் விரல் கணக்குப் போட்டுவிட்டது.
கண்ணுக்கு நானூற்று முப்பத்திரண்டு தெரியும்போது தட்டு,
அங்கே நானூற்றுப் பன்னிரண்டு இருக்கும்.
காட் வந்தது. ஹாடக் வந்தது.
தாமதத்துக்குள் குடியேறி
அடுப்பும் கட்டிலும் போட்டுக்கொண்டாள்.
ஏப்ரல் முழுக்க ஒரு பெட்டியும் தவறவில்லை.
மானிட்டரின் விளிம்பில் பென்சிலால் எழுதியிருந்தாள்:
இருபது.
பிறகு அதைப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள்.

மே பன்னிரண்டு இரவு இன்னொரு அப்டேட்.
டிரைவர் சரியானது.
அணைத்துவைத்ததைத் தானே திரும்பப் போட்டுக்கொண்டது.
ஒரு மணிக்கு வட்டம் திறந்தது,
எண்ணெய் தடவியதுபோல் விலை இறங்கியது,
அந்த அழகை அவள் கண் பார்ப்பதற்குள்
விரல் தட்டிவிட்டது.

மூன்று டன் காட், கிலோ நானூற்று முப்பத்திரண்டு.
அறுபதாயிரம் க்ரோனா தண்டம்.
இந்த முறை இயந்திரத்தில் பிழை ஏதும் இல்லை,
ஓட்கேரை அழைக்கக்கூட வழியில்லை.

அவள் கீழே இறங்கிவந்தாள்,
ஏப்ரனைக் கட்டிக்கொண்டு எங்கள் வரிசையில் நின்றாள்.
இரவு ஒன்பதரை வரை வெட்டினோம்.
மீன் நல்ல மீன்தான், தடித்த வெள்ளைச் சதை.
ஒவ்வொரு மீனுக்கும்
செவுள் எலும்புக்கு ஒரு விரற்கடை முன்பாகவே
அவள் கத்தி இறங்கியது.
வித்தோல்டு என்னைப் பார்த்தான்.
நான் தலையை நிமிர்த்தவில்லை.

ஐந்து மணிக்கு மேல் ஓவர்டைம்.
ஒன்றரை மடங்கு.