தவிட்டு நிறம்

விடியப்புறம் நாலே முக்கால்.
வெயில் பட்டதும் பாசி மூச்சுவிடத் தொடங்கும்,
கணக்குப் பொய்யாகும்.
ஆலிமடு தன் மோசமான நேரத்தில் கிடக்கையிலேயே
போய்ப் பிடிக்க வேண்டும்,
கடன்காரனைப் பிடிப்பதுபோல.

றபியுதீன் தோணியைத் தள்ளுகிறார்.
அவருடைய கூலி வவுச்சர்
திருகோணமலைக் கச்சேரியில் ஏதோவொரு மேசையில்
ஏப்ரலிலிருந்து படுத்திருக்கிறது.
அதைப் பற்றிக் கேட்பதில்லை.
கேட்பது ஒன்றுதான்:
"மிஸ், இண்டைக்கு என்ன நிறம்?"

குமிழி ஏறாமல் போத்தலை நிரப்பி
மங்கனீசுக் கரைசல் இரண்டு மில்லிலீற்றர்,
காரக் கரைசல் இரண்டு,
மூடித் தலைகீழாய்ப் புரட்டினால்
அடியில் ஏதோ படியும்.
வெள்ளையாய்ப் படிந்தால் தண்ணீரில் மூச்சில்லை.
தவிட்டு நிறமாய்ப் படிந்தால் உண்டு.

வெள்ளை.
போன கிழமையும் வெள்ளை.
செத்து மிதந்த ஜப்பான் மீனைத் துடுப்பால் ஒதுக்கி
"கபன் புடவைட நிறம்" என்கிறார் றபியுதீன்.

தம்பலகாமத்துப் பக்கம் முழுக்க ஒரே பேச்சு:
வாமதேவனின் அரிசி ஆலை.
நெல் அவித்த தண்ணியின் நாற்றம் எவருக்குத் தெரியாது?
பிரதேச சபையில் பிரேரணை நிறைவேறியாயிற்று,
பதாகைக்குத் துணியும் வாங்கியாயிற்று.
நானும் நம்பினேன்.
கோப்பின் முன்னட்டையில் பென்சிலால்
'ஆலை' என்றுதான் எழுதியிருந்தேன்.

இரவு மெயிலில் நான் அனுப்பிய ஐஸ்பெட்டிகளுக்குப் பதிலாக
கொழும்பு ஆய்வுகூடத்திலிருந்து பியசீலி வந்தாள்.
அவளுக்குத் தமிழில் பத்துச் சொல் தெரியும்.
அதில் ஒன்று 'பொறு.'
ஆலை வாய்க்காலில் பச்சைச் சாயம் ஊற்றினாள்.
மூன்று நாள்.
அது வயலுக்குள் போய், வரம்பில் முட்டி, வெளிறி நின்றது.
மடுவில் ஒரு துளியில்லை.

பிறகு, வேறொன்றும் தோன்றாமலோ,
எல்லாம் தோன்றித்தானோ,
நாங்கள் தங்கியிருந்த அரச உத்தியோகத்தர் விடுதியின்
ஐந்து கக்கூசுகளிலும் ஊற்றித் தண்ணீர் அடித்தாள்.
பகல் சாப்பாட்டுக்கு முன்னமே
கரையில் பொடியன்கள் கத்தினார்கள்.
மடு பச்சை! மடு பச்சை!

கிளி பார்த்தால் வெட்கப்படும் பச்சை.
அதற்குள் இருந்தது
பொறியியலாளரின் வயிற்றுக்கோளாறு,
கணக்காளரின் ஞாயிற்றுக்கிழமை,
நாலாம் அறையில் இரண்டு வருடம் இருந்த என் எல்லாம்.
தண்ணீரைக் காப்பாற்ற வந்தவர்களின் தண்ணீர்.

அறிக்கையில் ஒரு நிரல்: மாசின் மூலம்.
'அண்மையிலுள்ள கட்டடத்தொகுதி' என்று போடலாமே என்றார்
என் பணிப்பாளர், மின்விசிறியைப் பார்த்தபடி.
விடுதி என்று எழுதினேன்.
கை கொஞ்சம் நின்றது.
அறை இலக்கம் நான்கு உட்பட, என்று சேர்த்தேன்.

வாமதேவன் வந்து
தான் குற்றமற்றவன் என்று முத்திரை குத்திய கடிதம் கேட்டார்.
அதையும் கொடுக்க முடியவில்லை.
வரம்பில் வெளிறி நின்ற தண்ணீர் வேறு கோப்பு.
"அப்ப நீங்கள் ஆற்றை ஆக்கள்?" என்று கத்திவிட்டுப் போனார்.
நியாயமான கேள்வி.
அதற்கு அலகு இல்லை.

மலத்தொட்டியை மாற்ற ஏழு மாதம்.
காற்றூட்டும் இயந்திரத்துக்கு மூன்று விலைமனு,
ஒரு சுற்றுநிருபம், இன்னொரு ஏப்ரல்.
மோட்டார் வந்த பெட்டிக்குள்
மோட்டார் இருந்ததே அதிசயம்.
இப்போது அது மடுவின் நடுவில்
சளிபிடித்த எருமைபோல இரவெல்லாம் செருமுகிறது.
அயலில் நித்திரையில்லை என்று முறைப்பாடு.
அதற்கும் கோப்புத் திறந்திருக்கிறோம்.

இன்று, நாலே ஐம்பது.
போத்தலைப் புரட்டி, டோர்ச் வெளிச்சத்தில் பிடிக்கிறேன்.
வெள்ளையில்லை.
தவிடென்றும் சொல்ல முடியாது.
பால் கூடிப்போன தேத்தண்ணி.
பின்னேரம் சொட்டுச் சொட்டாய் அளந்தால்
ஒன்று தசம் ஒன்பது வரும், கூடினால் இரண்டு.

"மீன் இருக்குமா மிஸ்?"
"மீனுக்கு நாலாவது வேணும்."
அவர் போத்தலை வாங்கி
தன் மூக்குக்கு நேரே பிடித்துக் கனநேரம் பார்த்தார்.
பிறகு துடுப்பைப் போட்டார்,
அடுத்த கம்பத்தை நோக்கி.
"மற்றப் போத்தல எடுங்க," என்றார்,
"வெளிச்சம் வரப்போகுது."