நூற்றுப் பதினேழும் நூற்றுப் பதினெட்டும்

மேலவெளி வீதியில், மிக்ஸி ரிப்பேர் கடைக்கு மேலே
என் மேசை.
கீழே ஜார் சுற்றும்போது
இங்கே டப்பாவுக்குள் திருகாணிகள் சிலுசிலுக்கும்.
மே மாதத்திலும் விசிறியை நிறுத்திவிட்டுத்தான்
கம்பியைக் கேட்க வேண்டும்.

பல் டாக்டர் லூர்துராயன்
இரண்டு பெட்டிகளோடு படியேறி வந்தார்.
இரண்டும் கிதார். ஒரே மாடல், ஒரே மெரூன்,
ஒன்றின் விலை மூன்றேகால் லட்சம்.
நம்பர் 117, நம்பர் 118.
முதலாவது பிடித்துப்போய் அடுத்ததையும் வாங்கினாராம்,
கடிக்காத செருப்பு கிடைத்தால்
இன்னொரு ஜோடி எடுத்து வைப்பது மாதிரி.

"இது பாடுதும்மா. இது கரகரங்குது.
அடுத்தடுத்த நம்பர்தானே?"

அடுத்தடுத்த நம்பர்தான்.
மாட்டுத்தாவணியில் அடுத்தடுத்துக் கிழித்த டிக்கெட்டிலும்
ஒருவனுக்கு ஜன்னல் கிடைக்கிறது,
ஒருவனுக்கு டயருக்கு மேல் சீட்.
சொல்ல வாயெடுத்து விழுங்கினேன்.
மூன்றேகால் லட்சத்திடம் அப்படிப் பேசக் கூடாது.

அளந்தேன்.
நட்டில் அறுத்த தடங்கள் இரண்டிலும் ஒரே ஆழம்.
நெக்கின் வளைவும் அப்படியே.
நம்மூர் வெயிலுக்கு மரம் சுருங்கி
பிரெட் முனைகள் கையைக் கீறும் என்று பயந்து
ஓரத்தைத் தடவினேன்: வழவழ, வழவழ.
பின்மூடியைக் கழற்றினால்
பற்றவைத்த ஈயம் ஒவ்வொன்றும் கடுகளவு,
கடுகின் உருட்சி.
யாரோ ஒருத்தி, எந்த ஊரோ,
பதினெட்டு இடத்திலும் கை நடுங்காமல் வைத்திருக்கிறாள்,
மறுநாளும் வந்து
அதே பதினெட்டை வைத்திருக்கிறாள்.

ஆனாலும் 118-இல், மூன்றாம் கம்பியில்,
பதினான்கு பக்கம் போனால் மட்டும்
பாட்டிலுக்குள் ஈ.

எஃகு ஸ்கேலை வைத்தேன், ஆடியது.
எதன் மேல் ஆடுகிறது என்பது
என் கண்ணுக்குப் பிடிபடவில்லை.
"இருங்கம்மா" என்று சட்டைப் பையில் துழாவினார்.
நீலத் தாள்.
பல் கட்டியபின் கடித்துப் பார்க்கச் சொல்வார்களே, அது.
முடியைவிட மெலிசு.
பிரெட்டுகள் மேல் விரித்து, ஸ்கேலால் அழுத்தி எடுத்தோம்.
பதினைந்தாவதில் ஓர் எள்ளளவு நீலம்.

"இந்தப் பல்லுதான் உசரம்."

அரத்தில் இரண்டே இழுப்பு.
துணியால் துடைத்தேன்.
ஈ போய்விட்டது.

அத்தோடு பணம் வாங்கியிருக்கலாம்.
கெட்டது ஏன் கெட்டது என்று தெரிந்துவிட்டது,
நல்லது ஏன் நல்லது என்று யாரும் கேட்கவில்லை.
117-இன் நெக்கைக் கழற்றினேன்.

கழுத்தும் உடம்பும் சேரும் பள்ளத்தில்
கத்தரித்த அட்டைத் துண்டு, நகத்தளவு.
அதில் பென்சிலால் ஏதோ எழுத்து,
பாதி வெட்டுப்பட்டு.
118-இல் வெறும் மரம்.
அங்கே பள்ளம் சரியாக விழுந்திருக்கிறது,
பிரெட் ஒன்றுதான் கண் தப்பிவிட்டது.
இங்கே பள்ளம் தப்பி,
யாரோ ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறது.

டாக்டர் அந்த அட்டையை
சாம்பாரில் கிடந்த முடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
"மூணேகால் லட்சத்துக்கு அட்டை வைப்பானா?
எடுத்துப் போடுங்கம்மா."

எடுத்தேன். பூட்டினேன். கம்பி ஏற்றினேன்.
வாசித்தார்.
நிறுத்தி, முதலிலிருந்து வாசித்தார்.
கீழே யாரோ மிக்ஸியை ஓட்டிப் பார்த்தார்கள்,
ஒன்று, இரண்டு, மூன்று.
விரல் எங்கோ படியிறங்குகிறதாம்.
"சரி, வச்சிருங்க."
அதே அட்டை,
எழுத்து இருந்த பக்கம் மேலாக.

பில்லில் 118-க்கு அறுநூறு எழுதினேன்.
117-க்கு நேராகக் கோடு.

நோட்டை எண்ணிக்கொண்டே
என் தாடையைப் பார்த்தார்.
"வலது பக்கமே மெல்றீங்களோ?"
எட்டு வருஷமாக, என்றேன்.
புதிதாக ஒரு நீலத் தாளைக் கிழித்து நீட்டினார்.
"கடிங்க."

கடித்தேன்.