சொல்மின்

தடா ஆலையின் வாசல் அறையில் என் வேலை பெயர் ஒட்டுவது.
படம், ரத்தப் பிரிவு, பிறகு பெயர்,
மேலே லேமினேஷன் சூடு.
ஆரம்பாக்கத்தில் ரயிலேறி
ஒரே நிறுத்தத்தில் மாநிலம் மாறி இறங்குகிறேன்.
இந்தப் பக்கம் டீக்கடைப் பலகை தெலுங்கு,
கடன் சொல்பவர்கள் மட்டும் தமிழ்.

எங்கள் ஆலையில் பார்க் பதினொரு பேர்.
"ஊஞ்சல் இல்லாத பார்க்" என்பார் வாட்ச்மேன் பெஞ்சலய்யா,
ஒவ்வொரு கார் நுழையும்போதும்.

பிரஸ் ஷாப் பார்க் அட்டை புதுப்பிக்க வந்தார்.
பாஸ்போர்ட் ஆங்கிலத்தை ஆறேழு விதமாய் வாசிக்கலாம்.
எதற்கும் ஒருமுறை உச்சரித்துக் காட்டுங்கள் என்றேன்.
பல்லுக்குப் பின்னால் ஒரு 'ச்சொ',
நாக்கு தொட்டு ஒரு 'ல்',
உதடு மூடித் திறந்து 'மின்'.

சொல்மின்.

தமிழ் எம்.ஏ. படித்து அட்டை ஒட்டுகிறவளுக்கு
கத்தரி கை நழுவியது.
பலரை ஏவும் பழைய வினை.
கேண்மின், காண்மின், வம்மின்:
முரசோடு சேர்ந்து போய்விட்டது என்று நினைத்திருந்தேன்.
எண்ணெய்க் கறைச் சட்டையோடு
என் கவுண்டரில் நிற்கிறது.
(புணர்ச்சி விதிப்படி சொன்மின் ஆகவேண்டும்.
பாஸ்போர்ட்டுக்கு அந்த விதி கிடையாது.)

பிரஸ் ஷாப்காரர், பெயரிலும் இரும்பு இருக்கும் என்று
எல்லோரும் நினைப்பார்களாம்.
இரும்புக்கும் அதே ஒலிதான்.
டெலிவரி சலான் முதுகில் ஓர் எழுத்து வரைந்தார்,
கோடு கோடாக, பூட்டு திறப்பவர் மாதிரி.
இது அறிவு. அடுத்தது மக்கள்.
சீன எழுத்து மாறினால் ஆளே மாறிவிடுவான்.
அப்பா பெயர்க்கடையில் காசு கொடுத்து வாங்கியது என்றார்.
பெயருக்கு ஒரு கடை!
பிறந்த நேரம் சொன்னால் எழுத்து எடுத்துத் தருவார்களாம்.
சீன எழுத்தே வேண்டாத அவர்கள் சொந்தச் சொல்லிலும்
அந்த ஒலி உண்டு: பருவம் என்று ஒன்று, விவரம் என்று ஒன்று.
விவரம் கெட்ட பிள்ளையை அம்மா
'சொல் இல்லாதவனே' என்றுதான் ஏசுவாளாம்.
பெயரில் வைத்துக்கொண்டே
இல்லை என்று ஏச்சு வாங்கியிருக்கிறார்.

எங்களுக்கும் சொல் என்றால் நெல் என்று ஓர் அர்த்தம்,
அகராதி மூலையில் கிடக்கிறது என்றேன்.
அவர் ஜன்னல் வழியே நெல்லூர் ரோட்டைப் பார்த்தார்.
லாரிதான் போனது.

யார் கூப்பிடுவார்கள் இதை வைத்து?
யோசித்தார்.
கம்பெனியில் பதவி, அதன் வாலில் ஒரு மரியாதை.
மனைவிக்கு அவர் 'இன்னானின் அப்பா'.
(இதற்கு நான் ஆச்சரியப்படவில்லை.)
மூத்தவர்களும் பள்ளிச் சிநேகிதர்களும் மட்டும்
கடைசியில் ஓர் ஆ சேர்த்து: சொல்மினா.
எட்டாம் வேற்றுமை. மன்னா, கண்ணா என்று
நாம் நீட்டும் அதே ஆ.
கடைசியாக எப்போது கேட்டீர்கள் என்று கேட்கவில்லை.
அட்டை சூடாக வெளியே வந்தது.

ஆடி மாதம், பகல் ஷிப்ட்.
பையில் ரெண்டு அட்டையோடு பிரஸ் ஷாப் போயிருந்தேன்.
வரைபடத்தில் தலை குனிந்து அவர்;
முதுகுப் பக்கம் ஃபோர்க்லிப்ட் ரிவர்ஸில்,
தகட்டுச் சுருள் அதன் கையில்.
பிரஸ் இடிக்கிற இடியில் பஸ்ஸர் செத்துவிட்டது.
"சார்! சார்!" என்று நாலு பேர் கத்தினார்கள்.
முப்பது சார் திரும்பினார்கள், அவரைத் தவிர.

சொல்மினா!

என் தொண்டைதான்.
பிடிபட்ட பையன் மாதிரித் துள்ளி விலகினார்.
இரண்டு சாண் இருக்கும்.

மறுநாள் கவுண்டருக்கு வந்தார். நன்றி இல்லை.
வயசு என்ன?
இருபத்தாறு.
எனக்கு ஐம்பத்திரண்டு. அந்த ஆ உனக்குக் கிடையாது.
இலக்கணப் பிழை, என்றார், சிரிக்காமல்.

வழுவமைதி என்று எங்களிடம் ஒன்று உண்டு, சார்.
அவசரத்தில் வரும் பிழை பிழையில் சேராது.
இதை இங்கிலீஷில் சொல்லத் தெரியவில்லை.
பேரேட்டைத் திருப்பிக் கையெழுத்து கேட்டேன்.
மூன்று கட்டங்களாகப் போட்டார்.
நடுக் கட்டம் காய்வதற்குள்
பெஞ்சலய்யா அடுத்த காருக்குக் கேட் திறந்துவிட்டார்.

இன்னொரு பார்க்.