பதினாறு வாரம்

மூன்று மணிக்கே இருட்டிவிடும் நவம்பர்.
பூடோ நகரத்துக் கடைக்குள்
வெளிச்சத்தில் நனைந்து நிற்கிறது மாதிரி வண்டி.
நான் விற்பவன்.
திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன்.

அடிப்படை, நடு, உச்சம். மூன்று படி.
ஹால்வாருக்கு உச்சம் வேண்டும்,
நடுவின் விலையில்.
இருபத்தோரு அங்குலச் சக்கரம் என்றார்.
குழியில் விழுந்தால் விளிம்பு நெளியும் என்றேன்.
நிற்கும்போது அழகாயிருக்குமே என்றார்.
சிவப்புத் தோல் இருக்கை.
படகை இழுக்கப் பின்னால் கொக்கி,
கோடையில்தான் புது எஞ்சின் மாட்டிய படகு,
அதன் படத்தையும் செல்போனில் காட்டினார்,
இரண்டு முறை.

டோர்குன் இன்னும் மேலங்கியைக் கழற்றவில்லை.
பனி உருகி அவள் காலடியில் ஒரு சின்னக் குளம்.
ஒன்று கேட்டாள்:
வண்டியைக் கோட்டுக்குள் பிடித்துவைக்கும் என்கிறீர்களே,
பனி மூடிய சாலையில்?
கோடு நமக்குத் தெரியாவிட்டால்
அதற்கும் தெரியாது என்றேன்.
பொய் சொல்லி விற்ற காலம் ஒன்று எனக்கு உண்டு.
ஊர் சின்னது. விட்டுவிட்டேன்.

பிறகு அவள் விரல் பட்டியலின் அடியில் போய் நின்றது.
ஓட்டுபவர் முகத்தைப் பார்க்கும் கேமரா.

கண்கொத்திப் பாம்புதான் அது என்றேன்,
இமையைவிட்டு நகராது,
இரண்டு நொடி மூடினால் கத்தும்.
அடிப்படையில் ஸ்டியரிங் ஆட்டத்தை வைத்து
ஏதோ ஊகிக்கும், அவ்வளவுதான்.
கேமரா உச்சத்தில் மட்டும்.
தனியாகத் தர மாட்டார்கள்.
நாற்பத்தெட்டாயிரம் குரோனர் கூடும்.

வீட்டில் ஓர் ஆள் என்னை முறைப்பது போதாதா
என்று சிரித்தார் ஹால்வார்.
அவர் மட்டும்.

மார்ச்சில், என்றாள் அவள், திரையைப் பார்த்தபடி.
ரொக்னான் முதியோர் இல்லத்தில் இரவுப் பணி முடிந்து வந்தேன்.
கலைமான்கள் நாலைந்து ஓரமாக நின்றன, பார்த்தேன்.
அடுத்து நான் பார்த்தது
பாலத்தின் பெயர்ப்பலகை.
நடுவில் சாலை இருந்திருக்க வேண்டும்.
ஓரத்து வரிப்பள்ளம் சக்கரத்தடியில் தடதடத்ததில் முழித்தேன்.
உன்னிடம் சொன்னால்
வேலையை விடு என்பாய்.

தானியங்கிக் கதவு
யாரும் வராமலே ஒருமுறை திறந்து மூடியது.
நான் பேனாவைத் தேடுவதுபோல் குனிந்தேன்.
எல்லாம் திரையில்தான். பேனா எதற்கு.

நிமிர்ந்தபோது ஹால்வார்
ஒவ்வொன்றாகத் தொட்டு நீக்கிக்கொண்டிருந்தார்.
சக்கரம் போனது. தோல் போனது.
கண்ணாடிக் கூரையை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.
அது போகாது, உச்சத்தோடு ஒட்டிப் பிறந்தது என்றேன்.
கொக்கியில் விரல் நின்றது.
அதையும் நீக்கினார்.

வேலையை விடு என்று சொல்லவில்லை.
சொல்லாமலிருக்க
அவர் தாடை பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

இருக்கைச் சூடு இருக்கட்டும், என்றாள்.
இருக்கட்டும்.
நிறம்? வெள்ளைக்குத் தனிக்காசு இல்லை.
பனியிலா, என்றார்கள் இருவரும் ஒன்றாக.
நீலத்துக்கு ஒன்பதாயிரம்.
நீலம்.

வண்டி வரப் பதினாறு வாரம் ஆகும்.
டோர்குன் விரல்விட்டு எண்ணினாள்.
மார்ச்.
இருட்டுக்காலம் முழுவதும் பழைய வண்டிதான்.

அதுவரை நான் கூட வருகிறேன், என்றார்.
இரவெல்லாம் எங்கே இருப்பாய்?
வண்டியில் தூங்குவேன்.
காலையில் பேசிக்கொண்டே வருவேன்.

எஞ்சினைப் பற்றியா, என்றாள்.
அதற்கு நான் கட்டாயம் தூங்கிவிடுவேன்.

அப்போதுதான்
மேலங்கியின் முதல் பொத்தானைக் கழற்றினாள்.