விசிறி நின்ற நாட்கள்

அந்த வழக்கில் நான் தோற்றது
நன்றாகப் பேசியதால்.

ஒரு மணி நாற்பது நிமிடம்.
தண்ணீர்க் குவளையைத் தொடவேயில்லை.
எற்றோபிக்கோ பாண் ஃபாக்டரியில்
பதினொரு வருடம் இரவு வேலை செய்த தவசீலன்
நெஞ்சுக்குள் மாவைச் சுமந்து திரிவதை,
மகளின் பத்தாவது பிறந்தநாளில்
மெழுகுதிரி ஊத மூச்சுக் காணாமல் போனதை
எல்லாம் சொன்னேன்.
மொழிபெயர்ப்பாளர் கண்ணைத் துடைத்தார்.
எனக்கே என்மேல் கொஞ்சம் மயக்கம்.

எதிர்த்தரப்பிடம் இருந்தது ஒரேயொரு வரி:
இருபது வயதில் புகைத்தவர்.
அவரே டொக்டரிடம்
உள்ளதை உள்ளபடி சொன்னது.

தீர்ப்பாயக்காரர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்:
கூரையில் தூசி இழுக்கும் விசிறி இருந்ததாமே,
ஓடியதா?
ஓடவில்லை என்றேன்.
எங்கே எழுதியிருக்கிறது?

என் கோப்பில் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
அந்தப் பக்கம் இல்லை.
கேட்டிருந்தால் தந்திருப்பார்கள்.
கேட்கவில்லை நான்.

தீர்ப்பு வந்தது பெப்ரவரியில்.
மார்க்கம் வீதி, சாறிக்கடைக்கு மேலே என் அலுவலகம்.
படியேறி வந்து, கதிரை நுனியில் இருந்து கேட்டுவிட்டு
'நீங்கள் நல்லாத்தான் கதைச்சனீங்கள்' என்றார்.
அதைவிட ஏசியிருக்கலாம்.

கீழே இறங்கியவர் போகவில்லை.
தன் காரின் பனியைச் சுரண்டி முடித்து
பக்கத்தில் நின்ற என் காருக்கு வந்தார்.
நாலு இழுப்பு. நின்று மூச்சு.
நாலு இழுப்பு. நின்று மூச்சு.
கண்ணாடி முழுக்கத் துடைக்க
ஒன்பது தரம் நின்றார்.
நான் ஜன்னலில் நின்று எண்ணினேன்.
இறங்கிப் போகவில்லை.
இதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

பிறகு நான் தாள் கேட்கிறவளானேன்.
குளிரறையின் வெப்பநிலைத் தாள்,
லிஃப்ட் பழுதுபார்த்த தாள்,
யார் எத்தனை மணிக்குக் கதவைத் திறந்தார் என்ற தாள்.
'மிஸ், கழிவறை கழுவின தாளுமா?'
என்று சிரிப்பாள் உதவிக்கு இருக்கும் நிரோஜினி.
அதுவும்தான்.
ஆவேசம் என்பது இப்போது எனக்கு
அதே கடிதத்தை
மரியாதை குறையாமல்
நாலாம் முறை அனுப்புவது.

ஐந்து வருடம் போக மாரிசெல் வந்தாள்.
பிலிப்பைன்ஸ்காரி. கைப்பைக்குள் இன்ஹேலர்.
அதே ஃபாக்டரி. அதே கூரை.
ஐந்தாம் கடிதத்துக்கு மசியவில்லை,
ஆறாவதற்குப் பெட்டி வந்தது.

எண்ணெய்ப் பெருவிரல் பதிந்த பதிவேடு.
யாரோ ஒரு மெக்கானிக்,
ஒவ்வொரு வெள்ளியும், சாய்ந்த எழுத்தில்:
'மூன்றாம் விசிறி ஓடவில்லை. பாகம் வரவில்லை.'
நாலரை வருடமாக அதே வரி.
சலிக்காமல், ஒருநாளும் 'மேற்படி' என்று போடாமல்.
நான் தொண்டை கிழியக் கத்திய உண்மையை
முகம் தெரியாத ஒருவர்
வாரம் தவறாமல் சாட்சி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்
ஒரு இரும்பு அலுமாரிக்குள்.

தவசீலனின் இரவுகளும்
அந்தத் தேதிகளுக்குள் இருந்தன.

மாரிசெல்லின் வழக்கில் நான் பேசியது பதினொரு நிமிடம்.
யாரும் அழவில்லை. வென்றோம்.

அன்றைக்கே அவருக்கு ஃபோன் எடுத்தேன்.
மால்வேர்னில் பள்ளிக்கூடச் சந்தியில்
பிள்ளைகளை வீதி கடத்துகிறாராம்,
கையில் 'நில்' பலகையோடு.
விசிறி ஓடவில்லை என்றேன்.
நெடுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.
'எனக்குத் தெரியுந்தானே, பிள்ளை.'

காலம் கடந்த மறுபரிசீலனைக்கு ஒரு படிவம் உண்டு.
தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில்
ஏழு வரி விட்டிருக்கிறார்கள்.
என் பெயரை எழுதினேன்.
மீதி ஆறும் வெள்ளையாய்க் கிடக்கின்றன.

பதில் இன்னும் வரவில்லை.
இரண்டு கடிதம் போட்டாயிற்று.